மடக்கு கத்தி மடங்கினால் விரல் போச்சு! கட்டிட வேலைக்கு ஏற்ற கத்தியை தேர்வு செய்வது எப்படி?

சென்னையில் எந்த ஏரியாவுக்கு போனாலும் ஏதாவது ஒரு மூலையில் கட்டிட வேலை நடக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்குமாடிகள், தாம்பரத்தை தாண்டினால் தனி வீடுகள், நகருக்குள்ளே பழைய வீட்டை இடித்து விட்டு புது பிளாட்டுகள். கொத்தனார், சித்தாள், பெயிண்டர், பிளம்பர், எலக்ட்ரீசியன், டைல்ஸ் போடுபவர், சென்ட்ரிங் ஆள் என்று ஒரே சைட்டில் பத்து தொழில் நடக்கும்.

இந்த பத்து தொழிலுக்கும் பொதுவான ஒரு சாமான் உண்டு. அதுதான் கத்தி.

கரணை, மட்டப்பலகை, டிரில் மெஷின் எல்லாம் பார்த்து பார்த்து வாங்குபவர்கள் கூட, கத்தி விஷயத்தில் மட்டும் 'எதையாவது ஒண்ணு குடுங்கண்ணே' என்று வாங்கி பாக்கெட்டில் போட்டுக் கொள்கிறார்கள். ரெண்டே மாதத்தில் அது ஆட்டம் கண்டு விடுகிறது. கத்தி ஆடினால் பரவாயில்லை. அறுக்கும்போது படக்கென்று மடங்கினால் விரல் நடுவில் மாட்டிக் கொள்ளும்.

தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு விரலில் தையல் விழுந்தால், தையல் பிரிக்கும் வரை கூலி கிடையாது. நரம்பு அறுந்தால் மறுபடி கரணையை பிடிக்க முடியுமா என்பதே கேள்வி ஆகி விடும். எனவே கத்தி விஷயத்தில் பளபளப்பையும், பெயரையும் விட முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. விரித்த கத்தி விரித்தபடியே நிற்குமா?

கத்திக்கு என்ன வேலை?

கத்தி வாங்கும் முன்பு, அதை வைத்து தினமும் எதை அறுக்கப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும்.

கொத்தனார், சித்தாளுக்கு சிமெண்ட் மூட்டை பிரிப்பது, கயிறு அறுப்பது, தூக்குக்குண்டு நூலை வெட்டுவது, பாலிதீன் ஷீட், தார்ப்பாய் கிழிப்பது ஆகியவைதான் முக்கிய வேலை. சிமெண்ட் மூட்டையை நடுவில் கிழிக்காமல் தையல் நூலை மட்டும் அறுத்து உருவினால் கோணி முழுசாக கிடைக்கும். மணல் கட்ட, ஜல்லி அள்ள என்று அந்த காலி கோணிக்கு சைட்டில் ஆயிரம் வேலை உண்டு. அதற்கு முனை கூராக இருந்தால் போதும்.

பிளம்பருக்கு வேறு கணக்கு. பி.வி.சி. பைப்பை ரம்பத்தால் அறுத்த பிறகு, வாயில் பிசிறு நிற்கும். அதை கத்தியால் சீவி எடுத்து விட்டுத்தான் சொல்யூஷன் போட வேண்டும்.

எலக்ட்ரீசியனுக்கு ஒயரின் மேல் தோலை உரிக்கும் வேலை. பெயிண்டருக்கு டேப் வெட்டுவது, பட்டி காய்ந்த இடத்தை சுரண்டுவது. பால்ஸ் சீலிங் ஆட்களுக்கு ஜிப்சம் போர்டில் கோடு கிழித்து ஒடிப்பது. டைல்ஸ் போடுபவர்களுக்கு அட்டைப்பெட்டி பிரிப்பதே பாதி வேலை.

இதில் ஜிப்சம் போர்டு, அட்டைப்பெட்டி, சிமெண்ட் ஒட்டிய கோணி மூன்றும் கத்தியின் கூரை தின்று விடும். எவ்வளவு ஒசத்தியான இரும்பாக இருந்தாலும் சாயங்காலத்துக்குள் மழுங்கி விடும். கத்தி மட்டம் என்று அர்த்தம் இல்லை. அறுக்கும் பொருள் அப்படி.

மூன்று வகை

கட்டிட வேலைக்கு பாக்கெட்டில் வைக்கும் கத்திகள் மூன்று வகை.

முதலாவது, ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும் ஒடிக்கும் பிளேடு கத்தி. நீளமான பிளேடில் சாய்வாக கோடுகள் இருக்கும். முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்து எறிந்து விட்டு அடுத்த துண்டை பயன்படுத்தலாம். ஜப்பானில் ஒசாகா நகரை சேர்ந்த யோஷியோ ஒகாடா என்பவர் 1956-ம் ஆண்டு இதை கண்டுபிடித்தார். உடைந்த கண்ணாடி துண்டின் கூர்மையையும், பாத்தி பாத்தியாக ஒடித்து தின்னும் சாக்லெட்டையும் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கும் பிளேடு' என்ற பொருள் தரும் சொல்லில் இருந்துதான் 'ஓல்பா' என்ற கம்பெனி பெயரும் வந்தது.

இதில் 9 மில்லி மீட்டர் அகல பிளேடு பேப்பர் வெட்டத்தான் லாயக்கு. கட்டிட வேலைக்கு 18 மில்லி மீட்டராவது வேண்டும். கனமான வேலைக்கு 25 மில்லி மீட்டரும் உண்டு.

இதன் பலவீனம், பக்கவாட்டில் கொஞ்சம் திருகினாலும் பிளேடு கோட்டில் ஒடிந்து தெறிப்பதுதான். ஒடிவதற்கென்றே செய்த பிளேடு அது. கண்ணுக்கு நேராக தெறித்தால் ஆபத்து. தேவைக்கு மேல் பிளேடை வெளியே நீட்டவே கூடாது.

இரண்டாவது, மாற்று பிளேடு போடும் மடக்கு கத்தி. பிடி கனமான உலோகத்தில் இருக்கும். முனையில் சரிவக வடிவ சின்ன பிளேடு சொருகி இருக்கும். மழுங்கினால் கழற்றி திருப்பி போடலாம். மறுபக்கமும் மழுங்கினால் புது பிளேடு மாற்றிக் கொள்ளலாம்.

மூன்றாவது, ஒரிஜினல் மடக்கு கத்தி. சொந்த பிளேடு, சாணை பிடித்து பிடித்து வருடக்கணக்கில் பயன்படுத்தலாம்.

யாருக்கு எது?

தினமும் ஜிப்சம் போர்டு, அட்டை, ஷீட் வெட்டுபவர்கள் மூன்றாவது வகைக்கு ஆசைப்பட வேண்டியது இல்லை. அவர்களுக்கு மாற்று பிளேடு மடக்கு கத்திதான் சரி. தினமும் மாலையில் உட்கார்ந்து சாணை பிடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால் வாங்கும் முன்பு ஒரு விஷயம். அந்த பிளேடு பக்கத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். பெரும்பாலான கத்திகள் ஒரே அளவு பிளேடை ஏற்கும். சில கம்பெனிகள் தங்கள் பிளேடு மட்டுமே பொருந்துகிற மாதிரி செய்கின்றன. அப்படிப்பட்ட கத்தி, பிளேடு தீர்ந்த அன்றே குப்பைக்கு போய் விடும்.

கயிறு, பைப், ஒயர், கோணி, மரச்சக்கை என்று கலந்து அறுப்பவர்களுக்கு மூன்றாவது வகை மடக்கு கத்தி நல்லது. நீளமான பிளேடு, பலமான முனை, ஒரே இழுப்பில் கயிறு அறும். ஆனால் இங்கேதான் பூட்டு விவகாரம் வருகிறது.

பூட்டு இல்லாவிட்டால் ஆபத்து

பழைய காலத்து பேனாக்கத்தியில் பூட்டு கிடையாது. முதுகில் ஒரு ஸ்பிரிங் தகடு மட்டும் அழுத்திக் கொண்டு இருக்கும். ஆப்பிள் நறுக்க, பென்சில் சீவ அது போதும். கட்டிட வேலையில் அப்படி இல்லை. தடிமனான கயிற்றில் சிக்கிய பிளேடை வெளியே இழுக்கும்போதோ, எதையாவது குத்தும்போதோ பிளேடின் முதுகு பக்கம் அழுத்தம் விழும். உடனே கத்தி மூடும். மூடும் வழியில் நாலு விரலும் இருக்கும்.

எனவே கட்டிட வேலைக்கு பூட்டு உள்ள கத்தியைத்தான் வாங்க வேண்டும். பூட்டில் முக்கியமாக நான்கு வகை உண்டு.

பேக் லாக்: பிடியின் முதுகில் ஒரு இரும்பு பட்டை இருக்கும். அதன் கொக்கி பிளேடின் அடியில் உள்ள பள்ளத்தில் போய் விழும். மூட வேண்டுமானால் பட்டையை அழுத்த வேண்டும். பலமான பூட்டு. விரல் பிளேடின் வழியில் வராமலே மூடலாம். ஆனால் அந்த பள்ளத்தில் சிமெண்ட் தூசி அடைத்துக் கொண்டால் கொக்கி முழுசாக இறங்காது.

லைனர் லாக்: பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் நகர்ந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். விலை குறைந்த கத்திகளில் அதிகம் இருப்பது இதுதான். தகடு நன்றாக இருந்தால் நம்பலாம். தகடு பேப்பர் மாதிரி மெல்லியதாக இருந்தால் தொடவே கூடாது.

பிரேம் லாக்: இதுவும் அதே முறைதான். ஆனால் உள்ளே தனி தகடு இல்லை. பிடியின் ஒரு பக்க உலோகமே முட்டுக்கொடுக்கும். தடிமன் அதிகம், பலமும் அதிகம். விலையும் அதிகம்.

வளைய பூட்டு: கத்தியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும். பிளேடை விரித்த பிறகு வளையத்தை திருப்பினால் கத்தி மூடாது. பிரான்ஸ் நாட்டு ஒபினெல் கத்தியில் 1955-ம் ஆண்டு முதல் இந்த பூட்டு உள்ளது. எளிமையானது. ஆனால் வளையத்தை திருப்ப மறந்தால் பூட்டு இல்லாத கத்திதான். ஒபினெலின் பிடி மரம் என்பதால் மழையில் நனைந்தால் ஊதிக்கொண்டு திறக்க வராது.

தூசி நிறைந்த சைட்டுக்கு, பூட்டும் இடம் வெளியே தெரிகிற, ஊதினாலோ கழுவினாலோ சுத்தமாகிற கத்திதான் தோது. மூடி மறைத்த கத்தியில் உள்ளே போன சிமெண்ட் வெளியே வராது.

கடையிலேயே சோதிக்கலாம்

பாரிமுனை சுற்றுவட்டார ஹார்டுவேர் கடைகளில் கத்தியை கையில் எடுத்து பார்த்து வாங்க முடியும். கீழ்க்கண்ட சோதனைகளுக்கு ரெண்டு நிமிடம் போதும். 'அண்ணே, ஒரு தடவ விரிச்சு பாக்கறேன்' என்று கேட்டால் எந்த கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

1. கத்தியை விரித்து பிளேடின் முனையை பிடித்து இடது, வலது ஆட்ட வேண்டும். மயிரளவு அசைவு வந்தால் மூட்டு ஆணியை திருகி இறுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஆணி அடித்து முறுக்கி இருந்தால் இறுக்க வழி இல்லை. வேண்டாம்.

2. மேலும் கீழுமாக ஆட்ட வேண்டும். இந்த அசைவு வந்தால் பூட்டு சரியாக முட்டவில்லை. அந்த கத்தியை அப்படியே திருப்பி கொடுத்து விடலாம்.

3. லைனர் லாக்காக இருந்தால், தகடு பிளேடின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் மட்டும் தொட்டுக் கொண்டு நின்றால் வழுக்கி விடும். புது கத்தியிலேயே மறுகோடி வரை போய் நின்றால், தேய்ந்த பிறகு போக இடம் இருக்காது. நடுவாக்கில் நிற்பதே நல்லது.

4. பிடியை விரல்கள் பிளேடின் வழியில் வராதபடி, உள்ளங்கையால் மட்டும் பக்கவாட்டில் பிடித்துக் கொண்டு, பிளேடின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். பூட்டு விட்டுக் கொடுத்தால் கத்தி அங்கேயே மூடிக் கொள்ளும். ஓங்கி அடிக்க கூடாது. அப்படி அடித்தால் நல்ல பூட்டும் கெட்டு விடும்.

5. மூடிய கத்தியை தலைகீழாக பிடித்து உதற வேண்டும். தானாக திறந்து கொண்டால், பாக்கெட்டுக்குள்ளும் திறக்கும். தொடை பத்திரம்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் பார்சல் வந்த அன்றே இந்த ஐந்து சோதனையையும் செய்து விட வேண்டும். திருப்பி அனுப்பும் நாள் முடிந்த பிறகு புலம்பி பயன் இல்லை.

இரும்பில் எது நல்ல இரும்பு?

பிளேடில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் அடித்து இருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. டம்ளரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். என்ன ரகம் என்று எண் போட்டு இருக்க வேண்டும்.

420 என்பது மென்மையான ரகம். துரு அவ்வளவாக பிடிக்காது. ஆனால் கூர் சீக்கிரம் போகும். 440சி அதை விட கடினம், கூர் அதிக நேரம் நிற்கும். '440' என்று மட்டும் போட்டு இருந்தால் அது அதே வரிசையில் உள்ள மட்ட ரகமாகவும் இருக்கலாம். ஒபினெலின் துரு பிடிக்காத மாடல்களில் வரும் 12சி27 என்ற சுவீடன் நாட்டு இரும்பு, சாணைக்கு சட்டென்று படியும்.

டி2 என்பது அச்சு கருவிகள் செய்ய உருவான இரும்பு. கூர் நன்றாக நிற்கும். ஆனால் முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. வேர்வை பட்ட கையோடு அப்படியே வைத்தால் புள்ளி புள்ளியாக துரு வரும். கார்பன் ஸ்டீல் இன்னும் மோசம். கூர் அருமையாக ஏறும், ஆனால் ஒரே ராத்திரியில் சிவந்து விடும்.

எண்ணூர் முதல் கோவளம் வரை உப்புக்காற்று அடிக்கும் ஊர் இது. அதனால் சென்னை சைட்டுகளுக்கு ஸ்டெயின்லெஸ் ரகமே நல்லது.

இரும்பு எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பதும் தப்பு. கத்தியின் கடினத்தை 'ராக்வெல்' என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். 56 முதல் 58 வரை உள்ள கத்தி சீக்கிரம் மழுங்கும், ஆனால் சாதாரண சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறி விடும். 60-க்கு மேல் போனால் கூர் நீடிக்கும். ஆனால் கம்பியிலோ, கான்கிரீட்டிலோ பட்டால் விளிம்பு பல் பல்லாக உதிரும். அதை சரி செய்ய வைரத்தூள் பூசிய கல் தேவைப்படும்.

சைட்டில் கத்தி கம்பியில் படாமல் இருக்குமா? படும். எனவே நடுத்தர கடினம்தான் உழைக்கும்.

நீளம் - தடிமன் - பிடி

பிளேடு 7 முதல் 9 சென்டி மீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் நீளமானால் மூட்டில் விழும் பாரம் கூடும். தடிமன் முதுகு பக்கம் இரண்டரை முதல் 3 மில்லி மீட்டர் வரை இருக்கலாம். அதை விட தடித்தால் அறுக்காது, ஆப்பு மாதிரி பிளக்கும்.

முனை ஊசி மாதிரி இருந்தால் முதல் வாரமே ஒடியும். கொஞ்சம் அகலமாக இறங்கி வரும் முனைதான் தாங்கும்.

பாதி பிளேடில் ரம்பப்பல் வைத்த கத்திகளும் உண்டு. நைலான் கயிறு, வலை அறுக்க அந்த பல் அருமை. ஆனால் தட்டை கல்லில் அதை தீட்ட முடியாது. தினமும் கயிறு அறுக்காதவர்களுக்கு சமமான விளிம்பே சரி.

பிடி விஷயத்தில் பளபளக்கும் ஸ்டீல் பிடியை பார்த்து ஏமாற கூடாது. வேர்வை கையில் வழுக்கும். மொட்டை மாடியில் மே மாத வெயிலில் கிடந்தால் தொடவே முடியாது. கண்ணாடி இழை கலந்த நைலான் பிடியோ, 'ஜி10' எனப்படும் சொரசொரப்பான பிடியோ நல்லது. பிளேடு தொடங்கும் இடத்தில் விரல் முன்னால் சறுக்காதபடி ஒரு தடுப்பு மேடு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

சாரத்தில் நிற்பவருக்கு ஒரு கை எப்போதும் கட்டையை பிடித்து இருக்கும். எனவே ஒரே கையால் திறந்து மூடும் வசதி அவருக்கு அவசியம். பிடியின் பின்னால் கயிறு கோர்க்க ஓட்டை இருந்தால் இன்னும் நல்லது. நாலாவது மாடியில் இருந்து நழுவும் கத்தி கீழே இருப்பவர் தலையில்தான் விழும். இடுப்போடு கயிறு கட்டி இருந்தால் அந்த பயம் இல்லை.

எலக்ட்ரீசியன்கள் கவனிக்க

பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தி ஷாக் அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். இது உயிருக்கு உலை வைக்கும் நம்பிக்கை.

சாதாரண மடக்கு கத்தியில் பிளேடும், உள் தகடும், திருகாணியும் உலோகம். பிடிக்கு வெளியே எங்கேயாவது ஆணியின் தலை தெரியும். மின் வேலைக்கு என்று தனியாக காப்பிட்ட கத்திகள் உண்டு. அவற்றில் '1000 வி' என்ற முத்திரையும், இரட்டை முக்கோண குறியும் இருக்கும். அது இல்லாத எந்த கத்தியையும் கரண்ட் உள்ள ஒயரில் வைக்கவே கூடாது. மெயினை ஆப் செய்து, டெஸ்டர் வைத்து பார்த்து விட்டு உரிப்பதே ஒரே வழி.

கத்தி ஆயுள் உங்கள் கையில்

கத்தி கெடுவதற்கு பெரிய காரணம், கத்தி செய்ய கூடாத வேலையை கத்தியை வைத்து செய்வதுதான்.

பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவது, ஸ்குரு திருகுவது, கட்டு கம்பியை அறுப்பது, முதுகில் சுத்தியால் தட்டி உளி மாதிரி பயன்படுத்துவது... இந்த நாலும் முனையை ஒடித்து, மூட்டை ஆட வைத்து, பூட்டை கெடுத்து விடும். 'இருக்கறத வெச்சு முடிச்சிடலாம்'னு நினைப்பதில்தான் விரல் போகிறது. டப்பா திறக்க பழைய ஸ்குரு டிரைவர், கம்பிக்கு கட்டிங் பிளேயர். ரெண்டும் பையில் இருந்தால் கத்தி பிழைக்கும்.

சாயங்காலம் கை, கால் கழுவும்போது கத்தியையும் விரித்து தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, காய விட வேண்டும். மூட்டு ஆணியில் வாரம் ஒருமுறை ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் போட கூடாது. நாளாக நாளாக பிசின் மாதிரி ஒட்டி, தூசியையும் சேர்த்து இறுக்கி விடும். எண்ணெயை அதிகம் விட்டாலும் அதே கதைதான்.

சாணை பிடிக்கும்போது...

வீட்டிலேயே தீட்ட ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு உள்ள சாதாரண கார்போரண்டம் கல் போதும். கல்லில் தண்ணீரோ, எண்ணெயோ ஏதாவது ஒன்றை மட்டும் பழக்கப்படுத்த வேண்டும். கத்தியை கல்லின் மேல் 20 டிகிரி சாய்வில் வைத்து தள்ள வேண்டும். நேர் செங்குத்தாக நிறுத்தி, அதில் பாதி சாய்த்து, மறுபடி அதில் பாதி சாய்த்தால் கிட்டத்தட்ட அந்த கோணம் வந்து விடும். அதே சாய்வை கடைசி வரை மாற்றாமல் ரெண்டு பக்கமும் சம அளவில் தீட்டினால் கூர் ஏறும்.

தெருவில் வரும் சாணை சக்கரத்தில் கொடுப்பவர்கள் ஒன்றை கவனிக்க வேண்டும். தண்ணீர் தொடாமல் தீப்பொறி பறக்க பிடித்தால் விளிம்பு சூடேறி நீல நிறமாகும். நீலம் ஏறிய இடத்தில் இரும்பின் பதம் போய் விட்டது என்று அர்த்தம். அதன் பிறகு அங்கே கூர் நிற்காது. அடிக்கடி தண்ணீரில் முக்கி பிடிக்க சொல்ல வேண்டும்.

மழுங்கிய கத்திதான் கூரான கத்தியை விட அதிகம் வெட்டும் என்பது அனுபவசாலிகள் சொல்லும் வார்த்தை. காரணம், மழுங்கிய கத்தியை பலம் கொடுத்து அழுத்துவார்கள். அழுத்தும்போதுதான் வழுக்கும்.

போலீஸ் பிடிக்குமா?

'கத்தியோட போனா போலீஸ் புடிக்காதா?' என்ற பயம் பல தொழிலாளர்களிடம் உண்டு.

1959-ம் ஆண்டு ஆயுத சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, பிளேடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத பட்டியலில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காக செய்யப்பட்டவைக்கு விலக்கு உண்டு. 9 அங்குலம் என்பது சுமார் 23 சென்டி மீட்டர். வேலைக்கு தேவைப்படும் கத்தி அதில் பாதி நீளம் கூட வராது.

ஆனாலும் குறிப்பிட்ட பகுதிகளில் சின்ன ஆயுதங்களுக்கும் கட்டுப்பாடு கொண்டு வர அரசுக்கு அதே சட்டம் அதிகாரம் கொடுத்துள்ளது. எனவே வேலை முடிந்ததும் கத்தியை பாக்கெட்டில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றாமல், மற்ற சாமான்களோடு டூல்ஸ் பையில் போட்டு விடுவது புத்திசாலித்தனம். பட்டனை தட்டினால் பாயும் ஸ்பிரிங் கத்தி கட்டிட வேலைக்கு தேவையே இல்லை. அதை வைத்து இருந்தால் வீண் சந்தேகம்தான் மிச்சம்.

வளைகுடா நாடுகளுக்கு கட்டிட வேலைக்கு போகிறவர்கள் விமானத்தில் கைப்பையில் கத்தி கொண்டு போக முடியாது. செக்-இன் லக்கேஜில்தான் போட வேண்டும். பெரிய கம்பெனி சைட்டுகள் சிலவற்றில், கையை எடுத்ததும் பிளேடு தானாக உள்ளே போகும் பாதுகாப்பு கத்தியை மட்டுமே அனுமதிப்பார்கள். எனவே சேப்டி ஆபீசரை கேட்டு விட்டு வாங்கினால் காசு வீணாகாது.

கை வெட்டுப்பட்டால்...

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சில நேரம் வெட்டு விழும். அப்போது காயத்தில் மஞ்சள் தூள், காபி தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப கூடாது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்த துணியை வைத்து அழுத்தி பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு போய் காயத்தை காட்டி, டி.டி. ஊசி போட வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

காயம் சின்னதாக தெரிந்தாலும் விரல் மடங்கவில்லை, நீட்ட முடியவில்லை, நுனி மரத்து போய் விட்டது என்றால் உள்ளே தசை நாணோ, நரம்போ அறுந்து இருக்கலாம். 'ரெண்டு நாள்ல சரியாயிடும்' என்று விட கூடாது. சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கை அறுவை சிகிச்சைக்கு என்றே தனி பிரிவு உள்ளது.

விரல் துண்டாகி விட்டால் துண்டை ஈரமான சுத்த துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக கட்டி, அந்த பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்து கொண்டு போக வேண்டும். துண்டின் மேல் ஐஸ் நேரடியாக பட கூடாது. தண்ணீரில் ஊற போடவும் கூடாது. உடனே 108-க்கு போன் செய்ய வேண்டும்.

தமிழ்நாடு கட்டுமான தொழிலாளர்கள் நல வாரியம் 1994-ம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. இதில் பதிவு செய்து, பதிவை புதுப்பித்து வைத்து இருப்பவர்களுக்கு விபத்தில் ஊனம் ஏற்பட்டால் உதவித்தொகை உண்டு. கத்தி வாங்க நேரம் ஒதுக்குகிறவர்கள் அந்த அட்டை காலாவதி ஆகி விட்டதா என்பதையும் ஒருமுறை எடுத்து பார்ப்பது நல்லது.

சுருக்கமாக...

ஷீட், போர்டு, அட்டை வெட்டுபவர்களுக்கு மாற்று பிளேடு மடக்கு கத்தி. கலப்பு வேலைக்கு பூட்டு உள்ள, 8 சென்டி மீட்டர் அளவுள்ள, ஸ்டெயின்லெஸ் பிளேடு மடக்கு கத்தி. மின் வேலைக்கு '1000 வி' முத்திரை உள்ள கத்தி. மூன்றிலும் முதலில் பார்க்க வேண்டியது பூட்டையும், பிளேடு ஆடாமல் நிற்கிறதா என்பதையும்தான். இரும்பு ரகமும், கம்பெனி பெயரும் அப்புறம்.

வாங்கிய கத்தியின் பூட்டை மாதம் ஒருமுறை அதே ஐந்து சோதனையால் பார்க்க வேண்டும். ஆட ஆரம்பித்து விட்டால் ஆணியை இறுக்க வேண்டும். இறுக்கியும் ஆடினால், எவ்வளவு காசு போட்டு வாங்கி இருந்தாலும் அதை ஓரம் கட்டி விட வேண்டும். கத்தியை கடையில் இன்னொன்று வாங்கலாம்!